ஒளியிரசனை: நுண்ணங்கியின் அசைவும் தெரிவு பற்றிய வினாவும்

உயிருள்ள பொருளொன்று ஒரு திசையை விடுத்து மறுதிசையிற் செல்லும்போது, அது அத்திசையைத் தெரிந்தெடுத்தது என்று கூறுவதற்கு வேண்டப்படுவன யாவை? ஒழுக்கவியலின் அடித்தளத்திற் கிடக்கும் இவ்வினா பெரும்பாலும் மனிதனை மாத்திரமே முன்னிறுத்தி ஆராயப்பட்டு வந்துள்ளது. மெய்யியலாளர் சிலர் நாயையும் குதிரையையும் எடுத்துக்காட்டியதுண்டு. ஆயின் குட்டைநீரின் ஒரு துளியில் நீந்தித் திரியும் ஒற்றைக்கல உயிரைத் தம் வாதத்துக்கு உட்படுத்தியோர் மிகச் சிலரே. அவ்வுயிருக்கு மூளை இல்லை; நரம்பு இல்லை; கண் என்று சொல்லத்தக்க உறுப்பும் பொதுவாக இல்லை. இருந்தும் அது வெளிச்சத்தை நோக்கி வருகின்றது. வெளிச்சம் அளவு மீறினால் விலகிச் செல்கின்றது. நுணுக்குக்காட்டியின் கீழ் இதனைக் காணும் மாணவன் 'அதற்கு வெளிச்சம் பிடிக்கும்' என்று சொல்லிவிடுகின்றான். அவ்வாறு சொல்வது பிழையா, பிழையாயின் எவ்விடத்திற் பிழை என்பதை வரையறுப்பது அவ்வளவு எளிதன்று.

மொழியே இங்கு முதற் சிக்கலை உண்டாக்குகின்றது. தூண்டலின் திசைக்கேற்ப உயிரி இடம்பெயர்வதை இலங்கையின் தமிழ் உயிரியற் பாடநூல்கள் 'இரசனை அசைவு' என்று வழங்குகின்றன. தூண்டல் ஒளியாயின் அஃது ஒளியிரசனை. விஞ்ஞான மாணவர்க்கு இது வெறுங் கலைச்சொல். இலக்கியம் பயில்வோர் செவியிலோ அது வேறுவிதமாக ஒலிக்கின்றது. கவிதையைச் சுவைத்தலும் இரசனை, பாசி வெளிச்சத்துக்கு நகர்தலும் இரசனை என்றால், இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சொல் மறைத்துவிடுகின்றது அல்லவா? 'அறிவு' என்ற பழஞ்சொல்லும் இத்தகையதே. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கின்றது. அங்கே அறிவு என்பது முதலில் பொறிவழிப் புலனுணர்வு. உடம்பால் உற்றறிதல், நாவாற் சுவைத்தல், மூக்கால் முகர்தல், கண்ணாற் காண்டல், செவியாற் கேட்டல் என அது வளர்ந்து சென்று ஆறாவதாக மனத்தில் முடிகின்றது. புலனுணர்வையும் மனத்தையும் ஒரே சொல்லால் எண்ணியமை அக்கால மக்களின் குறைபாடு என்று தள்ளிவிட முடியாது. உணர்தல் தொடங்குமிடத்தில் அறிதலும் ஏதோ ஒரு வகையில் தொடங்கிவிடுகின்றது என்ற எண்ணம் அதிலே பொதிந்துள்ளது. கண்ணுணர்வு அவ்வரிசையில் நான்காவது. நண்டுக்கும் தும்பிக்கும் உரியது. ஒரே கலத்தாலாய உயிர் ஒளியைப் பகுத்துணரும் என்று அன்று எவர்க்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

அதனைக் காணும் வாய்ப்பு முதன்முதலில் ஒல்லாந்து தேசத்தில் ஏற்பட்டது. டெல்ஃப்ற் நகரத்துத் துணி வணிகரான லீவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த வில்லைகளைக் கொண்டு அயலிலிருந்த ஏரியொன்றின் நீரை ஆராய்ந்து, 1674ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலண்டன் அரச கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நடுவிற் பசுமையும் முன்னும் பின்னும் வெண்மையுங் கொண்ட நுண்ணுயிர்கள் நீரில் மேலுங் கீழும் சுற்றியும் விரைந்து திரிந்தமையை அவர் அதில் விவரித்தார். அவை யூக்கிளினா இனத்தனவாதல் கூடும் எனப் பின்வந்தோர் கருதினர். அதே ஆண்டின் பிற்பகுதியில், டெல்ஃப்றிலிருந்து பத்துக் கிலோமீற்றர் அளவு தொலைவிலுள்ள ஹேக் நகரில், வில்லை தேய்த்துச் சீவித்த இன்னொருவர் வேறொரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவர் ஸ்பினோசா. எறியப்பட்ட கல்லொன்றுக்குச் சிந்திக்கும் ஆற்றல் வாய்த்ததாகக் கொண்டால், தான் செல்வது தன் விருப்பத்தினாலேயே என்று அக்கல் நம்பும்; மனிதர் பெருமையாகப் பேசும் சுதந்திரமும் அத்தகையதே என்பது அக்கடிதத்தின் சாரம். தம் ஆசைகளை அறிந்து, அவ்வாசைகளைத் தோற்றுவித்த காரணங்களை அறியாதிருத்தலே சுதந்திர உணர்வு என்பது அவர் கட்சி. ஓரிடத்தில் உயிர் தன்போக்கில் விளையாடுவதுபோற் காணப்பட்டது. மற்றோரிடத்தில் மனிதன் கல்லாக்கப்பட்டான். தெரிவு பற்றிய வாதம் இன்றுவரை இவ்விரு கடிதங்களுக்கும் இடையிலேயே ஊசலாடுகின்றது எனலாம்.

இருநூறு ஆண்டுகளின் பின், அதே ஒல்லாந்தில், வாதத்துக்குப் பரிசோதனையின் துணை கிடைத்தது. ஊற்றெக்ற் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் கற்பித்த ஏங்கல்மன் யேர்மனியிற் பிறந்தவர். இசைப் பற்றும் மிக்கவர். பிராம்ஸ் என்னும் பேரிசையாளர் 1876இல் தம் நரம்பிசை நால்வரணி ஆக்கமொன்றை அவருக்குக் காணிக்கையாக்கியுள்ளார். அவர் 1883ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு செந்நீல நிறமுடைய ஒருவகைப் பற்றீரியாவைப் பற்றியது. இருண்ட நீர்த்துளியின் நடுவே சிறியதோர் ஒளிவட்டத்தை விழச்செய்தபோது, சிறிது நேரத்தில் பற்றீரியா அவ்வட்டத்துள் நெருக்கமாகத் திரண்டன. ஒளிவட்டத்துக்குப் பதிலாக நிறமாலையொன்றை விழச்செய்தபோது, அவை சில பட்டைகளில் மாத்திரம் குழுமின. அவற்றுள்ளும் பெருந்திரள் மனிதக் கண்ணுக்கு இருளாகத் தோன்றும் செந்நிறக்கீழ்ப் பகுதியிலே காணப்பட்டது. ஆய்வாளருக்குப் புலப்படாத ஒளியை அவரது ஆய்வுப் பொருள் உணர்ந்தது.

இவ்வளவில் நிறுத்தியிருந்தால் 'பற்றீரியா ஒளியை நாடுகின்றன' என்பதே முடிவாகியிருக்கும். ஏங்கல்மன் தனியொரு பற்றீரியத்தின் வழியைக் கூர்ந்து நோக்கினார். இருளில் நீந்திவரும் பற்றீரியம் தற்செயலாக ஒளிவட்டத்துள் நுழைகின்றது. நுழையும்போது அதன் போக்கில் யாதொரு மாற்றமுமில்லை. ஒளியினூடு நேரே சென்று மறு எல்லையை அடைந்து, இருளுக்குட் புகும் அக்கணத்தில் மாத்திரம் அது சட்டென நின்று பின்வாங்குகின்றது. மீண்டும் ஒளிக்குள் வருகின்றது, மீண்டும் ஓரெல்லையை அடைகின்றது, மீண்டும் பின்வாங்குகின்றது. முழுத் துளிமீதும் விழும் ஒளியைத் திடீரெனக் குறைத்தாலும், இருந்த இடத்திலேயே அவையனைத்தும் அவ்வாறு பின்வாங்கின. இதற்கு அவர் இட்ட யேர்மன் பெயர் 'திடுக்கீட்டு அசைவு' எனப் பொருள்படுவது. உள்ளே வரத் தடையில்லை, வெளியேறத்தான் முடியவில்லை. ஒளிவட்டம் ஒரு பொறியாகின்றது.

இவ்விடத்திற் சற்றுத் தாமதித்தல் தகும். தூரத்திலிருந்து காண்பவர்க்கு நாட்டமாகத் தோன்றியது அருகிற் காணும்போது அச்சம் போன்றதொன்றாக மாறிவிடுகின்றது. 'அச்சம்' என்பதுங்கூட மிகைச்சொல்லே. இவ்வகைப் பற்றீரியாவிற் சிலவற்றை ஆராய்ந்த பிற்கால அறிஞர், ஒளித்தொகுப்பின்போது கலத்தினுள் நிகழும் இலத்திரன் ஓட்டம் குறைவதே திசைமாற்றத்தைத் தூண்டுகின்றது எனக் கண்டனர். அப்படியாயின் அவ்வுயிர் ஒளியை ஒளியாக உணரவேயில்லை. தன் உள்நிலையின் தளர்வையே உணர்கின்றது. எவ்வாறாயினும் பயன் ஒன்றே: நிற்பதைக் கண்டு விரும்புகின்றது என முடிவுகட்டினோம் என்றால் முடிவு தவறு. இத்தவறு நுணுக்குக்காட்டிக்கு முன்னால் மாத்திரம் நிகழ்வதன்று. கடனாற் பிணிக்கப்பட்ட கூலியாள் எசமானை விட்டுப் போகாதிருப்பதை விசுவாசம் என்பார்கள். அடியும் வசையும் பட்டும் வீட்டை விட்டு வெளியேறாத பெண்ணைப் பார்த்து, 'அவள் விரும்பித்தானே இருக்கிறாள்' என்பார்கள். வெளியே இருளை நிறைத்துவைத்துவிட்டு, உள்ளே நிற்போரின் நிலையைத் தெரிவு என்று பெயரிடும் வழக்கம் மிகப் பழையது. அதிகாரத்தில் உள்ளோர்க்கு மிக வாய்ப்பானது. ஒருவர் ஓரிடத்தில் நிற்பதை மட்டுங் கொண்டு அவர் விருப்பத்தை அறிய முடியாது. எல்லையில் என்ன நிகழ்கின்றது என்று பார்த்தல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வாய்வுகளை மெய்யியற் களத்துக்கு இழுத்து வந்தவர் இருவர். ஜாக் லோப், உயிரி ஒளியை நோக்கித் திரும்புவது பௌதிக இரசாயன விசைகளால் அது வலிந்து திருப்பப்படுவதே என்றார். 1912இல் வெளிவந்த தம் நூலில் மனிதரின் ஒழுக்க உணர்வுக்கும் பரம்பரையாய் வந்த இயல்பூக்கங்களே வேர் என்று கூறுமளவுக்குச் சென்றார். ஜெனிங்ஸ் 1906இல் எழுதிய நூல் இதற்கு மாறானது. யூக்கிளினா ஒளியின் மாற்றத்தை உணர்ந்ததும் தன் சுருள்வழியை அகலமாக்கிப் பல திசைகளிற் சாய்ந்து, ஒன்று பொருந்தும்வரை முயல்கின்றது என அவர் விளக்கினார். அமீபா நாயளவு பெரிதாக இருந்திருப்பின், இன்பமும் துன்பமும் பசியும் அதற்குண்டு என்று மனிதர் தயங்காது கூறியிருப்பர் என்பதும் அவர் கருத்து. லோப்பின் கட்சி இயந்திரவியற் பொருள்முதல்வாதத்தின் துணிவையும் குறுகலையும் ஒருங்கே கொண்டது. ஜெனிங்ஸ் கூறியது கூரிய அவதானம். ஆனால் வாதமாக அது போதாது. நாய்க்கு இன்பதுன்பம் உண்டென்பதை அதன் பருமனைக் கொண்டு எவரும் முடிவுசெய்வதில்லை.

இருவரும் தீர்க்காத வினாவைத் தெளிவாக்குவதற்குக் கிளமிடோமோனசு என்னும் பச்சை அல்கா உதவுகின்றது. மில்லிமீற்றரின் நூறிலொரு பங்களவான அக்கலம், தன் இரு சவுக்குமுளைகளையும் செக்கனுக்கு ஐம்பது முறையளவில் வீசி, நெஞ்சால் நீந்துபவன்போல முன்செல்கின்றது. செல்லும்போது தன் அச்சைப் பற்றிச் செக்கனுக்கு ஏறத்தாழ இருமுறை சுழல்கின்றது. அதன் பக்கத்தில் செம்மஞ்சள் நிறக் கட்பொட்டு ஒன்றுண்டு. பெயர் கண் எனினும் அஃது உண்மையில் ஒரு திரை. தன்மேல் வெளிப்புறமாக அமைந்துள்ள ஒளியுணர் புரதத்துக்கு முன்னாலிருந்து வரும் ஒளியைத் தெறித்து மிகுதியாக்குகின்றது, கலத்தினூடு பின்னாலிருந்து வரும் ஒளியை மறைக்கின்றது. கலம் சுழலச் சுழல, கலங்கரை விளக்கின் கதிர்போல, வெளிச்சமும் நிழலும் அப்புரதத்தில் மாறி மாறி விழுகின்றன. ஒளிக்கு நேராகச் செல்லும்போது இம்மாற்றம் அற்றுப்போகின்றது. மாற்றம் இருக்குமட்டும் இரு சவுக்குமுளைகளின் வீச்சும் வேறுபட்டுத் திசை திருத்தப்படுகின்றது. ஒளியளவும் கலத்தின் உள்நிலையும் நோக்கி, நெருங்குவதா விலகுவதா என்பதும் மாறும்.

இனி, திரையாகிய நிறப்பொருள் இல்லாது பிறந்த விகாரிகளை நோக்குக. அவை குருடாகிவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று அவை எதிர்த்திசையில் நீந்துவதைக் காட்டிற்று. இயல்பான கலம் விலகும் நிலையில் விகாரி நெருங்குகின்றது. அது நெருங்கும் நிலையில் இது விலகுகின்றது. காரணம் வியப்புக்குரியது. உருண்டையான கலமே ஒரு குவிவில்லையாகத் தொழிற்பட்டுப் பின்னாலிருந்து வரும் ஒளியை உணர்புரதத்தின்மேற் குவிக்கின்றது. திரை இல்லாமையால் பின்னொளி முன்னொளியிலும் பிரகாசமாகின்றது. கலம் முன்னையும் பின்னையும் மாறாட்டஞ் செய்துகொள்கின்றது. (ஒளியைக் குவிக்கும் இவ்வியல்பைக் குறையாக மாத்திரம் கொள்ளற்க. மூன்று மைக்கிரோமீற்றர் அளவினதாகிய சினெக்கோசிசுற்றிசு என்னும் நீலப்பச்சைப் பற்றீரியம், நீந்தாது ஊர்ந்து செல்வது, தன் உடல் முழுவதையுமே வில்லையாக்கி, மறுபுறத்தில் விழும் ஒளிப்புள்ளியைக் கொண்டு வெளிச்சம் வரும் திசையைக் காண்கின்றது என அதே 2016இல் அறியப்பட்டது.)

விகாரியின் அசைவு எவ்விதப் பௌதிக விதியையும் மீறவில்லை. புரதமும் அயன்களும் சவுக்குமுளையும் தத்தம் கருமத்தைச் செவ்வனே செய்தன. ஆயினும் அக்கலம் பிழைபட்டது. தன்னைக் கருக்கும் ஒளிக்குள் அது நீந்திச் செல்கின்றது. ஸ்பினோசாவின் கல் எங்கு விழுந்தாலும் பிழைபட்டது எனல் இயலாது. கல்லுக்குப் பொருந்திய இடமும் பொருந்தாத இடமும் இல்லை. பிழை என்னும் சொல்லுக்கு இடமுண்டாகும்போது, அவ்வுயிரைச் சார்ந்த நன்மையொன்றும் தீமையொன்றும் உலகிற்கு வந்துவிட்டன என்பது பெறப்படும். அல்கா எதனையும் தெரிந்தெடுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு நன்மை உண்டு. தெரிவுக்கு முன்பே, மனத்துக்கு முன்பே, நன்மை தோன்றிவிட்டது.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். அறையின் வெப்பநிலையைத் தானே சீர்செய்யும் கருவியுந்தான் பிழைபடுகின்றது. அதற்கும் நன்மை தீமை உண்டோ? அக்கருவி பழுதுறும்போது குளிரால் வருந்துவது அறையிலுள்ள மனிதன். கருவியின் நன்மை கடன்வாங்கிய நன்மை. அல்காவின் பிழைக்கு விலை கொடுப்பது அல்காவே. இயற்கைத் தேர்வின் விளைவைத்தான் சுருக்கமாக நன்மை என்கின்றோம் என்பது வேறொரு தடை. இது சற்று வலியது. ஆயினும் ஒன்று எவ்வாறு தோன்றியது என்று கூறுவதனால் அது இல்லையென்று ஆகிவிடாது. தாய்ப்பாசம் தோன்றிய வரலாற்றைச் சொன்னவுடன் தாய்ப்பாசம் மறைந்துவிடுவதில்லை.

நவீன ஒழுக்கவியலில் இக்கூற்றுக்கு எதிரான போக்கொன்று வேரூன்றியுள்ளது. கான்ற் மனிதனின் மாண்பை அவனது பகுத்தறிவுள்ள சித்தத்தின்மேல் நிறுத்தினார். தானே தனக்கு விதி வகுத்துத் தெரிவு செய்பவன் என்பதனாலே அவன் வெறுங் கருவியாகக் கையாளப்படலாகாது. இது பெரிய உண்மை. அடிமைத்தளையை எதிர்த்தோர்க்கு ஆயுதமாகிய உண்மை. ஆனால் பிறந்து மூன்று நாளான குழந்தை எதனைத் தெரிவு செய்கின்றது? தன் மக்களின் பெயர்களையே மறந்துவிட்ட முதியவர் எவ்விதியைத் தமக்கு வகுக்கின்றார்? நினைவிழந்து கிடக்கும் நோயாளியின் வாயை ஈரத்துணியால் நனைத்துவிடும் தாதி, அவர் இனியொருநாள் தெரிவு செய்வார் என்ற கணக்கிலா அதனைச் செய்கின்றாள்? தெரிவே எல்லா மதிப்புக்கும் ஊற்று என்போர் இவர்களைத் தம் கோட்பாட்டின் விளிம்பிலே, விதிவிலக்குகளாக, ஒருவகைத் தயவால் வைத்திருக்கின்றனர். நன்மை தெரிவிலும் மூத்தது என்பதை ஏற்றால் இத்தயவுக்குத் தேவையில்லை. அவர்களுக்குப் பொருந்துவன உள்ளன, பொருந்தாதன உள்ளன. அதனாலேயே அவர்கள்பால் கடமை உண்டு.

அப்படியாயின் நீரைக் கொதிக்கவைப்பவன் கொலைஞனா என்று நகைப்போர் இருப்பர். நன்மை உடையதெல்லாம் உரிமையும் உடையது என்று இங்கு கூறப்படவில்லை. பற்றீரியத்தின் நன்மை மிகச் சிறிது; காய்ச்சலில் வாடும் பிள்ளையின் நன்மைக்கு முன் அது நில்லாது. சிறிது என்பதும் இல்லை என்பதும் ஒன்றன்று, அவ்வளவே.

கல்லுக்கும் மனிதனுக்கும் இடையே இவ்வாறொரு படி உண்டெனக் கொண்டால், மனிதனின் தெரிவு எங்குள்ளது என்ற வினாவும் வடிவம் மாறுகின்றது. அதனைப் பொறியமைப்பு அற்ற ஏதோவொரு வெற்றிடத்திலே தேடவேண்டியதில்லை. மனிதனும் பொறியமைப்பு உடையவனே. அவனும் எல்லைகளிலே திடுக்குறுகின்றான். விகாரியான அல்காவிடம் 'நீ எதிர்த்திசையிற் செல்கின்றாய்' என்று சொல்ல முடியாது. மனிதனிடம் சொல்லலாம். அவன் கேளாதிருக்கலாம், சினக்கலாம், பொய்க்காரணம் கூறலாம், ஆயினும் சொல்லத்தக்கவன். ஸ்பினோசாவின் கல் இக்கட்டத்தில்தான் வாதத்துக்கு ஒத்துவரவில்லை. சிந்திக்கும் அக்கல் தன் காரணங்களை அறியாது பறந்துகொண்டிருந்தது. தன்னை எறிந்த கை எது என்று அதற்கு எவரேனும் கூறியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை அவர் அக்கடிதத்தில் ஆராயவில்லை. காரணங்களை அறிவதே விடுதலைக்கு வழி என்று தம் பிற எழுத்துக்களில் வாதித்தவரும் அவரே.

கிளமிடோமோனசின் ஒளியுணர் புரதம் அண்மைக் காலத்தில் இவ்வினாவை ஆய்வுகூடத்துக்கே கொண்டுவந்துவிட்டது. சனல்ரொடொப்சின் எனப்படும் அது, ஒளி பட்டதும் அயன்கள் புகுவதற்கு வாயில் திறக்கும் புரதம் என்பது 2002, 2003ஆம் ஆண்டுகளில் நிறுவப்பட்டது. 2005இல் அதனை முலையூட்டிகளின் நரம்புக் கலங்களிற் புகுத்தி, ஒளியால் அக்கலங்களை விரும்பியபோது தூண்டலாம் எனக் காட்டினர். பின்வந்த ஆண்டுகளில், மூளையின் அசைவுப் பகுதியில் ஒளி பாய்ச்சப்பட்ட எலி இடப்பக்கமாக வட்டமிட்டு ஓடியது. விளக்கை அணைத்ததும் நின்றது. அவ்வெலி தான் ஓட விரும்பியே ஓடியதாக உணர்ந்ததோ என்பது ஸ்பினோசாவின் கல்லைப் பற்றிய அதே வினா. இவ்வாற்றலைக் கையிற் கொண்டோர் எவர், எவர்மீது அதனைப் பயன்படுத்துவர் என்பன விஞ்ஞான பீடத்தாரிடம் மாத்திரம் விட்டுவிடத்தக்க வினாக்களல்ல.

அதே புரத இனத்துக்கு வேறொரு பயனும் உண்டாயிற்று. விழித்திரை நோயினால் நெடுங்காலமாகப் பார்வை இழந்திருந்த ஐம்பத்தெட்டு வயதினர் ஒருவரின் கண்ணில், அல்காவொன்றிலிருந்து பெறப்பட்ட இத்தகைய புரதத்துக்கான பரம்பரையலகு செலுத்தப்பட்டது. அது பற்றிய அறிக்கை 2021இல் வெளிவந்தது. அல்காவில் அப்புரதம் திறந்தவுடன் சவுக்குமுளை மறுமொழி கூறிவிடும். மனிதனுக்கு அது போதவில்லை. உள்ளே வந்த சைகைகள் இன்னவை எனக் கற்றுக்கொள்வதற்கு, விசேட மூக்குக்கண்ணாடி அணிந்து பல மாதங்கள் அவர் பயிற்சி பெறவேண்டியிருந்தது. பின்னர் மேசைமேல் வைத்த குறிப்பேட்டைக் கைநீட்டித் தொட்டார். எனினும் பார்வை திரும்புகின்றது என்பதை அவர் முதலில் உணர்ந்தது அங்கன்று; வெளியே தெருவில், பாதசாரிகள் கடவையின் வெள்ளைக் கோடுகள் அவருக்குத் தென்பட்டபோது.